விருந்தினராக ஒரு திருநாள்

(அயல்நாட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் முதிய ஊழியத் தம்பதியர் குறித்த ஒரு சிந்தனைப் பாடம்)

எந்தச் சமயத்தின் திருநாளாயினும் அது இல்லத்தோடு பிணைந்தே வருகிறது. பண்டிகை என்ற சொல்லைக் கேட்டதும் மனம் வழிபாட்டை நினைப்பதற்கு முன்பே அடுப்பங்கரையின் மணத்தையும், வாசலில் வந்து இறங்கும் பிள்ளைகளையும், கூடத்தில் ஓடியாடும் பேரக் குழந்தைகளையும் நினைத்துவிடுகிறது. திருநாளன்று வீட்டில் இல்லாதிருப்பது ஒரு குறையாகவே கருதப்படுகிறது. இளமையில் பொருள் தேடி அவ்வாறு பிரிந்திருப்பது உலக இயல்பு. ஆனால், சுற்றத்தின் நடுவே அமர்ந்து ஓய்வு கொள்ள வேண்டிய வயதில், யாரும் வற்புறுத்தாமலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு, கணவனும் மனைவியுமாகத் தொலைதூர நாடு ஒன்றுக்குத் தொண்டாற்றச் செல்வோரும் உலகில் இருக்கின்றனர். அவர்களுடைய திருநாள் எவ்வாறு அமைகிறது என்பதையும், ஆன்மிக வாழ்வை நாடும் எவரும் அதிலிருந்து பெறத்தக்க பாடம் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

யார் இந்தத் தம்பதியர்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இச்சபையின் இளம் ஊழியர்கள், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, இருவர் இருவராக நடந்து செல்லும் காட்சி உலகின் பல நகரங்களில் பழகிப்போன ஒன்று. அவ்வளவாக வெளியில் அறியப்படாதவர்கள் அதே சபையின் மூத்த ஊழியர்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, தம்மைச் சார்ந்து வாழ்வோர் எவரும் இல்லாத நிலையை அடைந்த தம்பதியர், தாமே முன்வந்து இப்பணிக்கு விண்ணப்பிக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் அலுவலிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பணிக்காலம் 6 மாதம் முதல் 23 மாதம் வரை அமைகிறது. ஊதியம் எதுவும் கிடையாது. பெரும்பாலான வாழ்க்கைச் செலவுகளைத் தம் சேமிப்பிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே செல்ல விருப்பம் என்று தெரிவிக்கலாம். ஆனால் இறுதி அழைப்பு தலைமையிடத்திலிருந்து வருவது.

இவர்கள் இளைஞர்களைப் போல வீடு வீடாகச் சென்று போதிப்பவர்கள் அல்லர். ஒருவர் கணக்கு எழுதுகிறார். ஒருவர் இளம் ஊழியர்களின் குடியிருப்புகளைப் பார்வையிட்டுக் கூரை ஒழுகுகிறதா, குடிநீர் தூய்மையாக இருக்கிறதா என்று கவனிக்கிறார். முன்பு செவிலியராக இருந்த மூதாட்டி காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆலோசனை கூறுகிறார். வேறு சிலர் சக்கர நாற்காலி வழங்குதல், நீர் ஆதாரங்களைச் சீர்செய்தல் போன்ற பொதுநலப் பணிகளை மேற்பார்வையிடுகின்றனர். சிறிய கிராமச் சபைகளில் வாரந்தோறும் சென்று அமர்ந்திருப்பதே சிலருக்குப் பணி.

பாரத நாட்டவருக்கு இந்த வாழ்க்கை முறை முற்றிலும் புதியதன்று. இல்லறக் கடமைகளை முடித்தவர் மனைவியுடன் வனம் புகும் வானப்பிரஸ்த நிலையை நமது நூல்கள் வகுத்துள்ளன. மகாபாரதத்தில் திருதராட்டிரனும் காந்தாரியும் முதுமையில் அரண்மனையை விட்டுக் காட்டுக்குச் செல்கின்றனர். வீட்டின் மீதுள்ள பிடியைத் தளர்த்துவது இரண்டு முறைகளுக்கும் பொதுவானது. வேறுபாடு ஒன்று உண்டு. வானப்பிரஸ்தர் மக்கள் திரளிலிருந்து விலகித் தனிமையை நாடுகிறார். இந்தத் தம்பதியரோ தம் மக்களிடமிருந்து விலகி, அறியாத மக்களின் நடுவே சென்று சேர்கின்றனர். ஆகவே, வனத்தில் தேவைப்படாத ஒரு தகுதி இவர்களுக்குத் தேவைப்படுகிறது. அந்தத் தகுதி என்ன என்பதைக் கிறிஸ்துமஸ் காலம் அவர்களுக்குத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

விட்டுச் செல்வது எது?

யூட்டாவில் டிசம்பர் மாதம் பனிக்காலம். சால்ட் லேக் சிட்டியின் ஆலய வளாகத்து மரங்களில் 1965-ஆம் ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏற்றும் வழக்கம் நிலவிவந்துள்ளது. இச்சபையினரின் குடும்பங்கள் பெரும்பாலும் பெரியவை. 24-ஆம் நாள் மாலை மூத்தவரின் இல்லத்தில் எல்லோரும் கூடுவர். குழந்தைகள் குளியல் துண்டுகளைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு மேய்ப்பர்களாகவும், போர்வையைப் போர்த்திக்கொண்டு மரியாளாகவும் நடிப்பர். தாத்தா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பார். பல வீடுகளில் ஆண்டுதோறும் மாறாமல் நடைபெறும் காட்சி இது.

அந்த நாற்காலி ஓரிரு ஆண்டுகள் வெறுமையாக இருக்கும் என்பதை அறிந்தே அவர்கள் புறப்படுகின்றனர். இழப்பு அத்துடன் முடிவதில்லை. புறப்படும்போது மடியில் கிடந்த பேரக் குழந்தை, திரும்பி வரும்போது நடந்து வந்து, அடையாளம் தெரியாமல் தன் தாயின் பின்னே ஒளிந்துகொள்ளும். தொண்ணூறு வயதுத் தாயை உடன்பிறந்தாரின் பொறுப்பில் விட்டு வந்தவர்கள், அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இருப்பாரா என்ற கேள்வியையும் பெட்டியில் வைத்துக்கொண்டே வருகின்றனர். தம் உடல்நிலையும் உறுதியானதன்று. சேமிப்பிலிருந்து கொடுக்கும் பணம் ஒருவேளை மீண்டும் வரலாம். பேரக் குழந்தையின் மூன்றாம் வயது மீண்டும் வராது. இவர்கள் செய்யும் தியாகத்தின் உண்மையான அளவு இதுதான்.

இன்று காணொளி அழைப்பு இந்தப் பிரிவை ஓரளவு ஆற்றுகிறது. டிசம்பர் மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரம் யூட்டாவை விட 15 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மணிலாவில் 25-ஆம் நாள் காலை 9 மணி ஆகும்போது யூட்டாவில் 24-ஆம் நாள் மாலை 6 மணி. ஆகவே, அயல்நாட்டில் தன் கிறிஸ்துமஸ் காலையைத் தொடங்கிய தாத்தா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையின் முன் அமர்ந்து, பனி பெய்யும் ஊரிலுள்ள பேரக் குழந்தைகளுக்கு அதே அதிகாரத்தை வாசிக்க முடிகிறது. ஆயினும் அழைப்பு முடிந்ததும் திரை இருண்டுவிடும். அந்த நொடியில் அறையில் எஞ்சியிருப்பவர்கள் இருவர் மட்டுமே. திருநாளின் உண்மையான கேள்வி அப்போதுதான் எழுகிறது.

நாளும் பருவமும் விலகும்போது

அயல்நாடு செல்பவரிடமிருந்து திருநாளின் புறவடிவங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. நியூசிலாந்துக்குச் சென்றவருக்குப் பருவமே மாறிவிடுகிறது. அங்கே டிசம்பர் கோடைக்காலம். பனிக்குப் பதிலாகப் போஹுட்டுகாவா மரங்கள் செந்நிறமாகப் பூத்து நிற்கும். ஜப்பானில் டிசம்பர் 25 அரசு விடுமுறை நாள் அன்று; கடைத்தெருவில் விளக்குகள் ஒளிர்ந்தாலும் மக்கள் அன்று வழக்கம்போல் வேலைக்குச் செல்வர். ஆர்மீனியாவில் நாளே வேறு. அந்நாட்டுத் திருச்சபை சனவரி 6 அன்றுதான் இயேசுவின் பிறப்பைக் கொண்டாடுகிறது. எத்தியோப்பியாவில் அத்திருநாள் பெரும்பாலும் சனவரி 7 அன்று, நீண்ட நோன்புக்குப் பின் வருகிறது.

பனி, விடுமுறை, நாள்காட்டித் தேதி ஆகிய எதுவும் திருநாளின் உயிர் அன்று என்பதை இந்நாடுகள் சொல்லாமலேயே உணர்த்திவிடுகின்றன. இவ்வளவு கழன்ற பின்னும் எது எஞ்சுகிறது? இக்கேள்விக்கு விடை காண, மேலே குறிப்பிட்ட பிலிப்பைன்ஸ் நாட்டைச் சற்று விரிவாக நோக்குவது பயன் தரும். இச்சபையின் பணி அங்கே 1961-இல் தொடங்கியது. இன்று 8 இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். மூத்த தம்பதியர் பலர் அழைக்கப்படும் நாடுகளில் அதுவும் ஒன்று.

நான்கு மாதத் திருநாள்

பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். அங்கே செப்டம்பர் பிறந்தவுடனேயே கடைகளில் கிறிஸ்துமஸ் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கிவிடும். தெருவெங்கும் பரோல் எனப்படும் விளக்குகள் தொங்கும். மூங்கில் சட்டத்தின் மேல் வண்ணத்தாள் ஒட்டிச் செய்யப்படும் ஐந்துமுனை நட்சத்திரம் அது. நம் ஊர்க் கிறிஸ்தவ இல்லங்களின் வாசலில் தொங்கும் நட்சத்திரத்தைக் கண்டவர்களுக்கு அதன் வடிவம் உடனே பிடிபடும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள், கதிரவன் எழுமுன் திருப்பலி நடைபெறும். சிம்பாங் காபி என்பது அதன் பெயர். மார்கழி விடியலில் பாவை பாடக் கோயிலுக்குச் செல்லும் நம் வழக்கத்தை அது நினைவூட்டும்.

வழிபாடு முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே உணவுக் கடைகள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, வாழையிலை விரித்த சட்டியில் ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுடப்படுவது பிபிங்கா. ஊதா நிற அரிசிமாவை மூங்கில் குழாயில் ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த்துருவலும் வெல்லச்சர்க்கரையும் தூவித் தருவது புத்தோ பும்போங். குழாய்ப்புட்டு உண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மாலையானால் சிறுவர்கள் குப்பி மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோத்துச் சலங்கை போலக் குலுக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாட வருவர். 24-ஆம் நாள் நள்ளிரவில் குடும்பம் முழுவதும் கூடி உண்ணும் விருந்து நோச்சே புவேனா.

யூட்டாவிலிருந்து வந்த தம்பதியருக்கு இவற்றில் எதுவும் பழக்கமானதன்று. அவர்களுடைய சபையில் விடியற்காலைத் திருப்பலியும் இல்லை. நள்ளிரவு வழிபாடும் இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு அடுத்த தெரு ஆலயத்தின் மணியோசை அவர்களை எழுப்பிவிடும். வெளியே செல்வதா, சன்னலைச் சாத்திக்கொள்வதா என்ற தேர்வு அவர்கள் முன் நிற்கிறது.

சன்னலைச் சாத்திக்கொள்வதும் எளிதில் நிகழக்கூடியதே. சிறிய குடியிருப்பின் மூலையில் ஒரு செயற்கைப் பைன் மரம். பெட்டியில் கொண்டுவந்த அலங்காரப் பொருட்கள். ஊரிலிருந்து வந்த இனிப்பு. ஒலிக்கருவியில் பழகிய பாடல்கள். விட்டு வந்த வீட்டையே சிறிய அளவில் மீண்டும் கட்டிக்கொள்ளும் முயற்சி அது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் அது எப்போதும் குறையுள்ள பிரதியாகவே இருக்கும். ஒவ்வொரு பொருளும் இல்லாத ஒருவரை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

வெளியே செல்லும் தம்பதியருக்கோ வேறொன்று நிகழ்கிறது. அந்நாட்டில் இளையவர் முதியவரின் கையைப் பற்றித் தம் நெற்றியில் வைத்து வணங்குவது மரபு. வணங்கும்போது 'மானோ போ' என்பர். தமிழ்ச் செவிக்கு வேறு பொருள் தரும் இந்தப் 'போ', அவர்கள் மொழியில் மரியாதை காட்டும் சொல். அண்டை வீட்டுக் குழந்தைகள் முதிய ஆடவரை 'லோலோ' என்றும் மூதாட்டியை 'லோலா' என்றும் அழைப்பர். தாத்தா, பாட்டி என்பது பொருள். சொந்தப் பேரக் குழந்தைகளைப் பிரிந்து வந்தவரின் கை, முன்பின் அறியாத ஒரு சிறுவனின் நெற்றியைத் தொடும்போது, தாம் இழந்துவிட்டதாக எண்ணிய உறவு வேறொரு வாசல் வழியாக வருவதை அவர் உணர்கிறார்.

பெறக் கற்றல்

இப்பாடத்தின் மையக் கருத்துக்கு இங்கே வந்து சேர்கிறோம். தொண்டாற்றச் செல்பவர் கொடுப்பதற்காகவே செல்கிறார். தம் காலத்தையும் பொருளையும் பயிற்சியையும் கொடுக்கிறார். மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருப்பவருக்கு, தாம் கொடுப்பவர், எதிரிலிருப்பவர் பெறுபவர் என்ற எண்ணம் அவர் அறியாமலேயே படிந்துவிடுகிறது. ஆன்மிக வாழ்வில் இதைவிட நுட்பமான அகங்காரம் அரிது. தொண்டின் ஆடை அணிந்து வருவதால் அதை அடையாளம் காண்பதும் கடினம்.

நோச்சே புவேனாவுக்கு ஓர் ஏழைக் குடும்பம் அத்தம்பதியரை அழைக்கிறது எனக் கொள்வோம். தகரக் கூரையிட்ட சிறிய வீடு. மேசையில் பான்சித் எனப்படும் மாச்சேவை, பன்றித் தொடைக்கறி, சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி, பழக்கலவை. அவர்களுடைய வருவாயை ஓரளவு அறிந்த விருந்தினர் மனத்தில், இதற்கு எத்தனை நாள் கூலி செலவாகியிருக்கும் என்ற கணக்கு ஓடுவது இயல்பு. அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. உடல்நிலையைக் காரணம் காட்டி அழைப்பை மறுக்கலாம். அல்லது சென்று, பேருக்கு உண்டு, மறுநாளே அவ்விருந்தின் மதிப்பைப் போல் இருமடங்கு பொருட்களைக் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பலாம். அல்லது அமர்ந்து, பரிமாறியதை உண்டு, நன்றி கூறி, கடன்பட்டவராகவே வீடு திரும்பலாம்.

முதல் வழி அன்பை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இரண்டாம் வழி பெருந்தன்மை போலத் தோன்றினும், அன்பைக் கணக்குப் புத்தகமாக மாற்றிவிடுகிறது. நீங்கள் தந்ததை நான் தீர்த்துவிட்டேன் என்று அது சொல்கிறது. விருந்தோம்பல் அதிகாரத்தில் திருவள்ளுவர், விருந்தளிப்பவரின் முகம் மாறினால் விருந்தினர் வாடிவிடுவர் என்கிறார். விருந்தளிப்பவரின் உள்ளமும் அவ்வாறே வாடக்கூடியது. தம் கையில் இருந்த சிறந்ததை எடுத்து வைத்தவரிடம், உங்களால் எனக்குத் தர இயலாது என்று உணர்த்துவது அவருடைய வறுமையை அவருக்கே நினைவூட்டுவதாகும். மூன்றாவது வழியே கடினமானது, அதுவே மெய்யானது. வனத்தில் தேவைப்படாத, மக்கள் நடுவே தேவைப்படும் தகுதி என்று மேலே குறித்தது இதைத்தான். அது விருந்தினராக இருக்கும் தகுதி.

அந்த வீட்டில் மற்றொன்றும் இருக்கக்கூடும். பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அயல்நாடுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்ததாக 2022-ஆம் ஆண்டின் அந்நாட்டு அரசுக் கணக்கெடுப்பு காட்டியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஹாங்காங்கிலும் வளைகுடா நாடுகளிலும் பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களின் சொந்தக் குழந்தைகள் பாட்டியிடம் வளர்கின்றனர். துணிமணி, சோப்பு, இனிப்பு ஆகியவற்றை நிரப்பி, கிறிஸ்துமஸுக்குள் வந்து சேருமாறு பல வாரங்களுக்கு முன்பே கப்பலில் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டிக்கு பாலிக்பாயான் பெட்டி என்று பெயர். பெட்டி வரும், தாய் வரமாட்டாள்.

ஆக, பேரக் குழந்தைகளைப் பிரிந்த முதியவர்கள், தாயைப் பிரிந்த குழந்தைகளுடன் ஒரே மேசையில் அமர்கின்றனர். இரு தரப்பிலும் ஒரு நாற்காலி வெறுமையாக உள்ளது. ஒரு தரப்பின் பிரிவு விரும்பி ஏற்றது. மறு தரப்பின் பிரிவு வறுமை சுமத்தியது. இந்த வேற்றுமையை அறிந்த விருந்தினர் தம் தியாகத்தைப் பெரிதாக எண்ணார். இங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பிரித்துக் கூற எவராலும் இயலாது. நாளும் பருவமும் பழகிய உணவும் கழன்ற பின் எஞ்சுவது இதுவே.

பிறப்புக் கதையில் முதியவர்கள்

கிறிஸ்துமஸின் மூலக் கதையே இக்கருத்தைத் தாங்கி நிற்கிறது. அக்கதையைக் குழந்தைகளுக்கும் இளந்தாய்க்கும் உரியதாகவே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். ஆனால் லூக்காவின் சுவிசேஷம் ஒரு முதிய தம்பதியரிடமிருந்துதான் தொடங்குகிறது. சகரியா, எலிசபெத்து என்ற இருவரும் வயது முதிர்ந்தவர்கள், பிள்ளைப்பேறு இல்லாதிருந்தவர்கள். தேவதூதர் கூறிய செய்தியைக் கேட்ட மரியாள் மலைநாட்டிலிருந்த எலிசபெத்தின் இல்லத்துக்கே விரைகிறாள். ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே தங்குகிறாள். கலக்கமுற்ற ஓர் இளம்பெண்ணுக்கு ஒரு மூதாட்டியின் வீடு அடைக்கலமாகிறது.

கதையின் நிறைவிலும் முதியவர்களே வருகின்றனர். குழந்தையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுவரும்போது, நெடுநாள் காத்திருந்த சிமியோன் அதைக் கைகளில் ஏந்துகிறார். விதவையான அன்னாள் என்னும் மூதாட்டி அருகில் நின்று இறைவனைப் புகழ்கிறார். அக்குழந்தை இவ்விருவரின் பேரக் குழந்தை அன்று. பிறர் குழந்தையைக் கையில் ஏந்தியே அவர் நிறைவு பெறுகிறார்.

நடுவில் வரும் யோசேப்பும் மரியாளும் வீட்டில் இல்லை. குடிமதிப்புக்காக நாசரேத்தை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள பெத்லகேமுக்கு வந்தவர்கள் அவர்கள். சத்திரத்தில் இடமில்லை, குழந்தை தீவனத் தொட்டியில் கிடத்தப்படுகிறது. மேய்ப்பர்கள் வருகின்றனர். மத்தேயுவின் சுவிசேஷப்படி, கிழக்கிலிருந்து வந்த ஞானியர் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் தருகின்றனர். பின்னர் அக்குடும்பம் எகிப்துக்கு ஓடி, அயல்நாட்டில் வாழ்கிறது. முதல் கிறிஸ்துமஸின் தம்பதியரிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை, அவர்கள் பெற்றுக்கொண்டவர்கள். வீட்டை விட்டு வந்து கிறிஸ்துமஸ் கொண்டாடும் முதியோர் அத்திருநாளிலிருந்து விலகிச் செல்லவில்லை. அதன் தொடக்கத்திற்கே நெருங்கிச் செல்கின்றனர்.

எலிசபெத்தின் வீடு

இம்முதியோருக்கு மற்றொரு கடமையும் உண்டு. 2012-ஆம் ஆண்டில் இச்சபை, ஊழியத்துக்குச் செல்லும் இளைஞர்களின் குறைந்தபட்ச வயதை 19-இலிருந்து 18 ஆகக் குறைத்தது. பள்ளிப் படிப்பை முடித்தவுடன் வீட்டை விட்டு வரும் பிள்ளைகளுக்கு முதல் கிறிஸ்துமஸ் பெருஞ்சோதனை. 2019 பிப்ரவரிக்கு முன்பு, இவ்விளைஞர்கள் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய இரு நாட்களில் மட்டுமே பெற்றோருடன் பேசலாம் என்ற விதி பொதுவாக இருந்தது. அவ்வாண்டில்தான் வாரந்தோறும் பேசலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. விதி தளர்ந்தபோதும் ஏக்கம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அழைப்பை முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு வீடு தேவை. இரண்டு அடுப்பு கொண்ட சிறிய சமையலறையில் பத்துப் பேருக்குச் சமைத்து, எதுவும் கேட்காமல் பரிமாறும் மூதாட்டி அந்நேரத்தில் எலிசபெத்தின் பணியைச் செய்கிறார். தம் ஏக்கத்தை நன்கு அறிந்திருப்பதாலேயே பிறர் ஏக்கத்தை அவர் அறிகிறார். பிரிவின் வேதனையை மறைத்து வைப்பதற்கு மாறாக, அதையே பிறர் நுழையும் வாயிலாக ஆக்குவதும் தவமே.

விளக்குகள் அணையும்போது

பற்றின்றிப் பணியாற்றுவதன் இறுதிச் சோதனை, பணியையே விட நேரும்போது வருகிறது. கொரோனாத் தொற்று பரவிய 2020 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் உட்படப் பல நாடுகளிலிருந்து அயல்நாட்டு ஊழியர்கள் பெருமளவில் தாயகம் அனுப்பப்பட்டனர். வீட்டைப் பூட்டி, பிள்ளைகளிடம் விடைபெற்று, மொழியின் முதற்சொற்களைக் கற்றுத் தேறிய தம்பதியர் சில நாட்களுக்குள் புறப்பட வேண்டியதாயிற்று. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸில் அவர்கள் சொந்த ஊரில் இருந்தனர். ஆனால் நோய்க்கு அஞ்சிச் சுற்றத்தார் கூடவில்லை. வீட்டில் இருப்பதாலேயே திருநாள் நிறைவடைந்துவிடாது என்பதும் அப்போது விளங்கியது.

அடுத்த ஆண்டு, 2021 டிசம்பர் 16 அன்று, சிம்பாங் காபி தொடங்கும் நாளிலேயே, ஓடெட் என்று அந்நாட்டவர் பெயரிட்ட பெரும்புயல் பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியையும் தென்பகுதியையும் தாக்கியது. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செபு உள்ளிட்ட தீவுகளின் பல பகுதிகள் கிறிஸ்துமஸ் கடந்தும் மின்சாரமின்றி இருந்தன. விளக்குகள் இல்லாத அத்தெருக்களிலும் கிறிஸ்துமஸ் வந்தது. கூரை இழந்தவரும் கூரை உள்ளவரும் ஒரே பானையில் சமைத்ததைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், விருந்தளிப்பவர், விருந்தினர் என்ற பெயர்களும் அழிந்துவிடுகின்றன.

பாடத்தின் சாரம்

இம்முதிய தம்பதியரின் வாழ்விலிருந்து பெறத்தக்க கருத்துகளைச் சுருக்கமாகத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது: திருநாளின் புறவடிவங்கள் மதிக்கத்தக்கவை, ஆயினும் அவை கலம் போன்றவை. கலம் மாறினாலும் அதில் ஊற்றப்படும் அன்பு மாறுவதில்லை.

இரண்டாவது: பிரிவின் வேதனையை மறுக்க வேண்டியதில்லை. அதை உணர்ந்தவரே, தம்மைப் போலவே பிரிவில் வாடும் மற்றவரை அடையாளம் காண்கிறார்.

மூன்றாவது: கொடுக்கும் கை தூயதா என்பதற்கு ஒரு சோதனை, அதே கை பெறுவதற்கும் விரிகிறதா என்பது. பெற மறுக்கும் தொண்டில் அகங்காரம் மறைந்திருக்கக்கூடும்.

நான்காவது: முதுமை என்பது உறவுகள் குறுகும் பருவம் அன்று. சொந்தம் என்ற வட்டத்தை விரித்தவருக்கு ஒவ்வோர் ஊரிலும் நெற்றி தாழ்த்தி வணங்கும் பேரக் குழந்தைகள் உண்டு.

நம் நாட்டில் தீபாவளி, பொங்கல், ஓணம், துர்க்கா பூசை போன்ற திருநாட்களில் எல்லைக் காவலிலும் மருத்துவமனைப் பணியிலும் கட்டட வேலையிலும் ஈடுபட்டு, வீட்டை விட்டு வாழ்வோர் கோடிக்கணக்கானவர். நம் தெருவில் கட்டட வேலை பார்க்கும் ஒடிசா இளைஞனுக்கும் பீகார் இளைஞனுக்கும் அவர்களுடைய திருநாள் எது என்று கேட்டறிவதும், அவர்கள் சமைத்துத் தருவதை மனமுவந்து ஏற்றுண்பதும், அயல்நாடு செல்லாமலேயே இப்பாடத்தைக் கற்கும் வழிகளாகும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நாம் கொண்டாடும் திருநாளில் எந்தப் புறவடிவம் இல்லாமற்போனால் நம் மனம் மிகவும் வருந்தும்? அவ்வருத்தம் எதைக் காட்டுகிறது?

2. நம்மைவிட வறியவர் அன்புடன் அளித்த ஒன்றை நாம் கடைசியாக எப்போது பெற்றுக்கொண்டோம்? உடனே அதற்கு ஈடு செய்ய மனம் துடித்ததா?

3. இல்லறக் கடமைகள் நிறைவேறிய பின் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து செய்யத்தக்க தொண்டு எது? அதற்காக எதை விட்டுக்கொடுக்க இயலும்?

4. இவ்வாண்டுத் திருநாளன்று நம் வீட்டு மேசையில் எவருக்கு ஓர் இடம் வைக்கலாம்? எவர் வீட்டு மேசையில் நாம் சென்று அமரலாம்?